பிறப்பால் வராத சின்னம்

சட்டையிலே ஒரு சிறு சின்னம். விலை போட்டால் சில காசுதான் பெறும். ஆனால் அதை அணிந்த சிறுவனின் நடையிலே நிமிர்வு, பார்வையிலே பெருமிதம்! ஏன்? அப்பன் வாங்கித் தந்ததல்ல அது. ஆண்ட பரம்பரை என்பதற்காக அளித்ததுமல்ல. உழைத்தான், பெற்றான். சாரணர் இயக்கத்தின் உயர்ந்த விருது அது. அந்த இயக்கத்தைக் கண்ட பேடன் பவல் பிரபுவின் வாழ்வை இன்று எண்ணிப் பார்க்கிறோம். பாராட்டவும் இடமுண்டு அதிலே, இடித்துரைக்கவும் இடமுண்டு.

1857-ல் லண்டனில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையை இழந்தவர். பள்ளியில் படித்தபோது பாடப் புத்தகத்தைவிடப் பக்கத்துக் காடுதான் அவருக்கு ஆசான். ஆசிரியர் கண்ணில் படாமல் பதுங்குவார். முயலைப் பிடித்துச் சமைப்பார். ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. படைத் தேர்வில் வென்றார். 1876-ல் குதிரைப்படை அதிகாரியாக லக்னோவுக்கு வந்தார். ஆம், அன்னிய ஆட்சியின் வாளேந்தியாகத்தான் வந்தார். மறைப்பானேன்?

புகழ் வந்தது தென்னாப்பிரிக்காவில். 1899-ல் மூண்ட போயர் போரில் மெஃபிகிங் நகரை 217 நாள் முற்றுகையில் காத்து நின்றார். அங்கே சிறுவர்கள் செய்தி சுமந்தனர், மிதிவண்டியிலே, பீரங்கிக் குண்டுகளுக்கிடையே! பொறுப்பைக் கொடுத்தால் சிறுவனும் ஆளாகிறான் என்பதைக் கண்டார் அவர். ஆனால் அதே நகரில் வெள்ளையருக்கு ஓர் அளவு, கறுப்பருக்கு ஓர் அளவு என்றுதான் உணவு பங்கிடப்பட்டது. பசியால் மாண்ட கறுப்பர்கள் பலர். வெற்றிவிழாக் கொண்டாடியோர் அவர்களை நினைத்தார்களா?

1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவிலே சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் அமைத்தார். சீமான் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். சாமானியர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். கலந்தே குழுக்கள் பிரிக்கப்பட்டன. ஒன்றாகவே உண்டனர், ஒன்றாகவே உறங்கினர். மறு ஆண்டு அவருடைய நூல் ஆறு பகுதிகளாக வந்தது, பகுதி நான்கு பென்னி. இயக்கம் காட்டுத்தீயெனப் பரவிற்று.

1909-ல் அரசர் சாரணர் விருது பிறந்தது. அதற்குச் சாரணன் முதலில் முதல் வகுப்பைத் தாண்டவேண்டும். ஐம்பது கஜம் நீந்தவேண்டும். ஏழு மைல் சென்று மீண்டு, கண்டதை எழுதவேண்டும். தீ மூட்டிச் சமைக்கவேண்டும். நிலப்படம் பார்த்து வழி அறியவேண்டும். அதற்கு மேலும் தேர்வுகள் உண்டு. குலம் எது, கோத்திரம் எது என்ற கேள்வி அந்தத் தேர்வில் இல்லை.

தேர்வில் இல்லை, வாசலில் இருந்தது, தோழர்களே!

அதே 1909-ல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கியது. யாருக்கு? ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மண்ணின் மைந்தனுக்கு இடமில்லை. பயிற்சி பெற்றால் புரட்சிக்காரனாகிவிடுவானோ என்று அஞ்சிற்று ஆட்சி. எந்த வகுப்பினனாயினும் சாரணன் சாரணனுக்கு உடன்பிறப்பு என்று விதி வகுத்தவர் பேடன் பவல்; அந்த விதி கப்பலேறி வருவதற்குள் கடலில் விழுந்துவிட்டதா?

முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே, தலைப்பாகையோடு, தனி இயக்கம் கண்டார். அம்மையாரின் அரசியலை எதிர்த்தவர்கள் நம் முன்னோடிகளான நீதிக்கட்சியினர். ஆயினும் செய்த நற்செயலை மறைப்பது நம் பண்பல்ல. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். இந்தியச் சிறுவர்களின் திறமையை நேரில் கண்டார். அம்மையாரின் இயக்கத்தைத் தம் இயக்கத்தோடு இணைத்தார். கதவு திறந்தது. ஆனால் மனக்கதவு முழுதும் திறந்ததா? 1930-களின் பிற்பகுதியில் இந்தியரின் பண்பைக் குறைத்து அவர் கூறிய கருத்து நெஞ்சங்களைப் புண்படுத்தியது. பலர் பிரிந்து தனி அமைப்புக் கண்டனர்.

1941 சனவரி 8-ல் கென்யாவில், 83-ஆம் வயதில், அவர் மறைந்தார். 1950 நவம்பர் 7-ல் பிரிந்து கிடந்தவை இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. அரசர் பெயர் போயிற்று. குடியரசுத் தலைவர் பெயரால் விருது வந்தது. எளியவர் வீட்டுப் பிள்ளையும் இன்று அதை அணிகிறான், அணிகிறாள்.

தகுதி, திறமை என்று நம்மிடம் பேசுவோர் இந்த வரலாற்றைப் படிக்கட்டும். தகுதி பார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. தேர்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுத் தகுதி பேசுவதைத்தான் எதிர்க்கிறோம். கதவைத் திறந்தார்கள், நம் பிள்ளைகள் நீந்தினார்கள், நடந்தார்கள், வென்றார்கள்!