நான் யார் என்று கேட்டவர்

ரமண மகரிஷி 1879-ல் திருச்சுழியில் பிறந்தார்; இயற்பெயர் வேங்கடராமன். 16 வயதில், மதுரை வீட்டில் திடீரென மரண பயம் பிடித்தது. செத்தவர்போல் படுத்து, உடல் போனபின் மிஞ்சுவது எது என்று தனக்குள் ஆராய்ந்தார். சில வாரங்களில், அண்ணனின் கல்லூரிக் கட்டணம் 5 ரூபாயில் 3 மட்டும் எடுத்து, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலை சென்றார். 1950-ல் சமாதியாகும்வரை அங்கேயே இருந்தார்.

உளவியல் மேதை யுங், 1944-ல் ரமணரைப் பற்றிய ஜெர்மன் நூலுக்கு முன்னுரை எழுதினார். மனித உணர்வை ஆராயும் இன்றைய விஞ்ஞானிகளும் நான் என்பது எது என்றே தேடுகிறார்கள். வங்கியில் கணக்கெழுதியவன் சொல்கிறேன்: வாங்கியதைக் கொடுத்தவர் பெயரில் வரவு வைப்பதே முறை. உங்கள் பிள்ளைகள் தியானம், மூளை என்று படிக்கும்போது இந்தப் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.