கண்ணுக்குள் எட்டிப் பார்த்தவர்



ராத்திரியில் டார்ச் அடிச்சா பூனையோட கண் பளபளன்னு மின்னுது. நம்ம கண்பாவை மட்டும் ஏன் கறுப்பாவே தெரியுது? இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவரைப் பற்றி நான் படித்ததை எழுதுகிறேன்.

1821 ஆகஸ்டு 31-ல் பெர்லின் அருகே போட்ஸ்டாம் ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். மகனுக்கு இயற்பியல் மேல் கொள்ளை ஆசை. ஆனா படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. மருத்துவம் படித்தால் செலவை அரசு ஏற்கும். பதிலுக்கு ராணுவ மருத்துவராக 8 ஆண்டு வேலை பார்க்கணும். அதில் சேர்ந்தார். 1841-ல் கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்தார். மாணவர் என்பதால் அங்கே செலவில்லை. மிச்சமான பணத்தில் என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு மைக்ராஸ்கோப்!

1850-ல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கண் மின்னுவது பற்றிப் பாடம் தயார் செய்யும்போது பொறி தட்டியது. கண்ணுக்குள் போகும் வெளிச்சம் வந்த வழியிலேயே விளக்குக்குத் திரும்புது. அதைப் பார்க்க நம்ம கண் விளக்கின் இடத்தில் இருக்கணும். அங்கே போனா நம்ம தலையே வெளிச்சத்தை மறைச்சிடும்! அதனால் விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்தார். வெளிச்சம் தகட்டில் பட்டுக் கண்ணுக்குள் போனது. திரும்பியதில் ஒரு பகுதி தகட்டைத் தாண்டி அவர் கண்ணுக்கு வந்தது. அட்டை, மூக்குக்கண்ணாடி லென்ஸ், மைக்ராஸ்கோப்புக்கான மெல்லிய கண்ணாடி, இவ்வளவுதான் சாமான்! உயிருள்ள மனிதரின் விழித்திரையும் அதன் ரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரிந்தன. இதுதான் ஆப்தல்மாஸ்கோப். 1851-ல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். செத்த எலியின் கண்ணை அறுத்தால் ஒரு தடவைதான் பார்க்கலாம். உயிரோடு இருக்கும் எலியின் கண்ணை இன்னைக்கும் பார்க்கலாம், அடுத்த மாசமும் பார்க்கலாம். நோய் எப்படி வளருது, மருந்து கேட்குதான்னு தெரிஞ்சிடும். சுமார் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள எலிக் கண்ணின் விழித்திரையை இன்று அடுக்கடுக்காகப் படம் எடுக்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற லான்ஸ்லாட் என்ற நாய்க்கு மரபணு சிகிச்சையால் பார்வை வந்த செய்தி 2001-ல் வெளியானது. அதே வழியில் உருவான மருந்தை மனிதருக்குத் தர 2017-ல் அமெரிக்கா அனுமதித்தது. உயிருள்ள கண்ணுக்குள் பார்க்க முதலில் வழி திறந்தவர் நம்ம ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

பின்னாளில் பெர்லினில் அவர் ஆசைப்பட்ட இயற்பியலுக்கே பேராசிரியர் ஆனார். 1894 செப்டம்பர் 8-ல் காலமானார்.

நானும் கேட்ட குரூப் கிடைக்காமல் வேறு குரூப்பில் படிப்பவள்தான். வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது அவர் ஆசைப்பட்ட பாடம். கண்ணைப் பற்றிச் சொன்னது கிடைத்த பாடம். ரெண்டில் ஒண்ணு இல்லாட்டியும் அந்தக் கருவி வந்திருக்காதுன்னு நான் நினைக்கிறேன்.