யாரும் விடை சொல்லாத கேள்வி
கும்பகோணத்து ராமானுஜம் போட்ட கணக்குப் புதிர்

காவிரிக் கரையில் உள்ள கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில், ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் வளர்ந்தவர்தான் கணித மேதை ராமானுஜம்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார். தகப்பனார் சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. சொற்ப சம்பளம். காகிதம் வாங்கப் பணம் ஏது? ராமானுஜம் சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். மறுபடி போடுவார்.

கையில் கிடைத்த புத்தகம்

டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, ஜார்ஜ் கார் என்ற ஆங்கிலேயரின் கணிதப் புத்தகம் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. விளக்கமோ மிகக் குறைவு. ராமானுஜம் ஒவ்வொரு முடிவையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, வழியைத் தாமே கண்டுபிடித்தார்.

அதனால் வந்தது வினை! மற்ற பாடங்களை மறந்தார். கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் எப்.ஏ. பரீட்சையிலும் தோற்றார். 1909-ல் கல்யாணம் நடந்தது. வேலை கிடைக்கவில்லை.

தோற்றவர் கேட்ட கேள்வி

பரீட்சையில் தோற்றவர், 1911-ல் கணிதப் புலவர்களையே கேள்வி கேட்டார்! இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அந்தக் கேள்வி வெளிவந்தது.

மூன்றை மூன்றால் பெருக்கினால் 9. ஆகவே 9-ன் வர்க்கமூலம் 3. ராமானுஜத்தின் புதிரில் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும். வெளியே 2, உள்ளே 3, அதற்குள் 4 என்று பெருக்கும் எண் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்திலும் 1 கூட்ட வேண்டும். மொத்தம் எவ்வளவு?

மாதங்கள் ஓடின. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜமே சொன்னார்.

விடை, வெறும் 3!

9 என்பது 1-ம், 2 தடவை 4-ம் சேர்ந்தது. அந்த 4, 16-ன் வர்க்கமூலம். 16 என்பது 1-ம், 3 தடவை 5-ம் சேர்ந்தது. அந்த 5, 25-ன் வர்க்கமூலம். இப்படியே போகிறது புதிர்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32-வது வயதில் சென்னையில் காலமானார்.

கம்ப்யூட்டரில் புதிர்

இன்று கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைகள் பலர், முதலில் வினாடி வினா விளையாட்டு ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். அதற்கு நாலே கட்டளை போதும். கேள்வியைக் காட்டு. பதிலை வாங்கு. சரியான விடையோடு ஒப்பிட்டுப் பார். சரியென்றால் ஒரு மார்க் கொடு.

ஆனால் சரியான விடை எது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விளையாட்டைச் செய்யும் பிள்ளைதான் அதை எழுதி வைக்க வேண்டும். விடை தவறானால், சரியாகச் சொன்னவருக்கும் மார்க் போய்விடும்!

கேள்வி போடுகிறவர், முதலில் தாமே விடை கண்டாக வேண்டும். சிலேட்டும் முழங்கையுமாக ராமானுஜம் செய்தது அதைத்தான்.