தன் வரலாற்றைத் தானே எழுதிய ஒலாடா ஈக்வியானோ

இங்கிலாந்துப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது 1807ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள். வரலாற்று நூல்கள் பலவும் அவ்விடத்தில் வில்பர்போர்சு என்னும் பெருமகனாரின் பெயரைக் கூறி அமைந்துவிடுகின்றன. அவர் இருபதாண்டுக் காலம் அவையில் வாதாடியவர். அவருக்குரிய புகழை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் விலங்கு பூட்டப்பெற்றவர்களே அவ்விலங்கைப் பற்றி எழுதினார்கள், ஒன்றுகூடினார்கள், அரசியாருக்கு விண்ணப்பம் விடுத்தார்கள் என்பது நம் இளைஞர்களின் செவிக்கு எட்ட வேண்டிய செய்தியாகும். அவர்களுள் முதன்மையானவர் ஒலாடா ஈக்வியானோ.

அவர் தம் நூலில் தரும் கணக்கின்படி, 1745ஆம் ஆண்டளவில், இன்று நைசீரியா என வழங்கும் நாட்டில் இக்போ மக்களிடையே பிறந்தார். பதினோரு வயதில், பெரியவர்கள் வயலுக்குச் சென்றிருந்த வேளையில், மதிலேறிக் குதித்தவர்கள் அவரையும் அவருடைய தங்கையையும் தூக்கிச் சென்றனர். வழியில் இருவரும் பிரிக்கப்பட்டனர். இடையே ஒருமுறை கூடி, மீண்டும் பிரிந்தனர். அதன்பின் தங்கையை அவர் காணவேயில்லை. கப்பலில் பார்படோசுக்கும் அங்கிருந்து வர்ஜீனியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்.

கப்பலில் அவருக்கு மைக்கேல் என்று பெயர், வர்ஜீனியாவில் ஜேக்கப். அவரை விலைக்கு வாங்கிய பாஸ்கல் என்னும் கடற்படை அதிகாரி, சுவீடன் நாட்டு மன்னர் ஒருவரின் பெயரைச் சூட்டிக் குஸ்தாவஸ் வாசா என்று அழைத்தார். சிறுவன் அப்பெயரை ஏற்க மறுத்தான், அடி விழுந்தது, பிறகு ஏற்றான். அடிமைக்கு மன்னன் பெயரிடுவது அக்காலத்து எசமானர்களின் விளையாட்டு. பெயரைப் பறித்துக்கொண்டு வேறு பெயரால் விளிக்கும் வழக்கத்தை நம் சமுதாயத்தாருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கல்விக் கழகத்தின் மலரில் அவர் கல்வி கற்ற கதையைச் சற்று விரித்துரைப்பது தகும். எசமானரும் டிக் என்னும் இளைஞனும் நூல்களைக் கையில் வைத்திருப்பதைக் கண்ட சிறுவன், அந்நூல்கள் அவர்களோடு பேசுகின்றன என்று எண்ணினான். தனித்திருக்கும்போது தானும் ஒரு நூலை எடுத்துப் பேசினான்; பின் அதில் காதை வைத்து விடைக்காகக் காத்திருந்தான். நூல் வாய் திறக்கவில்லை. அந்த ஏக்கம் அவனை விட்டு அகலவில்லை. டிக் நண்பனானான், இலண்டனில் பாஸ்கலின் உறவினரான சகோதரியர் இருவர் பள்ளிக்கு அனுப்பினர், போர்க்கப்பலில் உடனுழைத்த மாலுமி ஒருவர் விவிலியம் படிக்கவும் முகம் மழிக்கவும் கற்றுக்கொடுத்தார். பீரங்கிக் குண்டுகளுக்கிடையே எழுத்துக்கூட்டிப் படித்தவர் அவர்.

போரில் உடன் நின்றவருக்கு விடுதலை கிடைக்கும் என்றே அவர் நம்பியிருந்தார். 1762ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்கல் அவரைத் திடீரென வேறொரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் மான்செராட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இராபர்ட் கிங் என்னும் வணிகரிடம் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய திறமை வெளிப்பட்டது. கையிலிருந்த மூன்று பென்சைக் கொண்டு ஒரு தீவில் கண்ணாடிக் குவளை ஒன்றை வாங்கி, மான்செராட்டில் ஆறு பென்சுக்கு விற்றார். இவ்வாறு குவளை குவளையாக, கூடை கூடையாக வளர்ந்தது முதல். வெள்ளையர் சிலர் சரக்கைப் பறித்துக்கொண்டதும் உண்டு. முறையிட இடமில்லை, ஏனெனில் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பரின் சாட்சியம் அத்தீவுகளின் நீதிமன்றங்களில் ஏறாது. வாங்கிய விலையான நாற்பது பவுனைக் கொடுத்தால் விடுவிப்பதாகக் கிங் சொல்லியிருந்தார். பணம் வந்தபோது அவர் பின்வாங்கப் பார்த்தார்; கப்பல் தலைவர் பார்மர் எடுத்துரைத்தபின் இசைந்தார். 1766ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. தன்னுடைய உடலைத் தானே விலைக்கு வாங்கிய மனிதருக்கு அப்போது வயது இருபத்தொன்று.

பின்னர் இலண்டனில் சிகை ஒப்பனைத் தொழில் செய்தார். 1773இல் வடதுருவக் கடல் நோக்கிச் சென்ற கப்பலிலும் பணியாற்றினார். 1776ஆம் ஆண்டில் நடு அமெரிக்கக் கரையில் அமைந்த ஒரு தோட்டத்துக்கு அடிமைகளைத் தேர்ந்து கொடுத்து மேற்பார்வையும் செய்தார். இதனை மறைத்து எழுதுவோரும் உளர். அவரே தம் நூலில் எழுதியிருப்பதை நாம் ஏன் மறைக்க வேண்டும்? அடிமை முறை தன்னிடம் அகப்பட்டவனையும் தன் கருவியாக்கிக் கொள்ளும் வன்மையுடையது.

1781ஆம் ஆண்டு சோங் என்னும் கப்பலில் வந்த ஆப்பிரிக்கர் 130க்கும் மேற்பட்டோர் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். தலைக்கு முப்பது பவுன் வீதம் காப்பீட்டுத் தொகை கேட்டுக் கப்பல் உரிமையாளர்கள் வழக்காடினர். கொலை வழக்கன்று, சரக்கு இழப்பு வழக்கு! 1783ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்னும் அறப்போராளியிடம் கொண்டுசேர்த்தவர் ஈக்வியானோ. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. எனினும் செய்தி நாடெங்கும் பரவ அன்று வழி பிறந்தது.

1787இல் இலண்டனில் அடிமை வணிக ஒழிப்புக் குழு தோன்றியது. அதன் பன்னிரு உறுப்பினரும் வெள்ளையர். அதே காலத்தில் இலண்டன் வாழ் ஆப்பிரிக்கர் சிலர் ஆப்பிரிக்காவின் மைந்தர்கள் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து எழுதத் தொடங்கினர். ஈக்வியானோவுடன் முன்னின்றவர் ஒட்டோபா குகோவானோ. ஓர் ஓவியரின் வீட்டில் பணியாளர். வணிகத்தை மட்டுமன்றி அடிமை முறையையே வேரறுக்க வேண்டும் என்று அவர் 1787இலேயே நூல் எழுதிவிட்டார். இக்குழுவினர் நாளிதழ்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தம் பெயரிட்டு மடல்கள் எழுதினர். தோட்ட முதலாளிகளின் நூல்களுக்கு ஈக்வியானோ மறுப்பு எழுதினார். 1788இல் அரசியார் சார்லட்டுக்கு விண்ணப்பமும் அளித்தார்.

1789இல் வெளிவந்தது அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல். முன்பணம் கொடுத்தோர் 300க்கும் மேற்பட்டோர். வேல்சு இளவரசரும் அவர்களுள் ஒருவர். பதிப்புரிமையை வேறெவருக்கும் அவர் விற்கவில்லை. தலைப்பில் தம் இரு பெயர்களையும் பொறித்து, தாமே எழுதியது என்பதையும் சேர்த்தார். ஆப்பிரிக்கனால் இவ்வாறு எழுத இயலுமா என்று ஐயுறுவோர்க்கு அதுவே விடை. நூலைச் சுமந்து இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, அயர்லாந்து எங்கும் சென்று விற்றார். அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகள் வெளிவந்தன.

1792இல் இரண்டு நாளிதழ்கள், அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவரே அல்லர் என்று எழுதின. அவர் அதனை மறுத்தார். பிற்கால ஆராய்ச்சியாளர், அவருடைய ஞானமுழுக்குப் பதிவேட்டிலும் கப்பல் பதிவேடு ஒன்றிலும் பிறந்த இடம் கரோலினா என்றிருப்பதைக் கண்டெடுத்தனர். வழக்கு இன்னும் முடிவுறவில்லை. பிறரால் எழுதப்பட்ட பதிவேடுகளைக் கொண்டு ஒருவர் தம் பிறப்பைப் பற்றித் தாமே சொன்னதைத் தள்ளிவிடலாகாது என்பதே நம் கருத்து. சோங் கப்பலைப் பற்றியும் மான்செராட்டுச் சந்தையைப் பற்றியும் அவர் எழுதியவற்றின் உண்மை அப்பதிவேடுகளால் மாறப்போவதுமில்லை.

அவ்வாண்டே சூசன்னா கல்லன் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். மகளிர் இருவர் பிறந்தனர். 1796இல் மனைவியும், 1797ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் அவரும், சில திங்களில் மூத்த மகளும் மறைந்தனர். எஞ்சிய இளைய மகள் ஜோவன்னா, இருபத்தொரு வயது நிரம்பிய 1816ஆம் ஆண்டில், தந்தை விட்டுச்சென்ற 950 பவுனைப் பெற்றார்.

வணிகம் ஒழிந்ததை அவர் காணவில்லை. பேரரசின் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு இழப்பீடு இரண்டு கோடிப் பவுன். அடிமைகளுக்கு ஒரு பென்சும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளோ அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. நம் நாட்டில் அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்ற ஐந்தாம் சட்டம் 1843இல்தான் இயற்றப்பட்டது. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமென்ற இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்.