கீழே விழுந்தாலும் ஓடும் கடிகாரம்
அதிர்ச்சிக் காப்பைக் கண்டுபிடித்த பிரெகேயின் வாழ்க்கை

மைசூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இரண்டு மணிக்கூண்டுகள் நன்கு தெரியும். ஒன்று தேவராஜ மார்க்கெட் அருகே உள்ள "சிக்க கடியார". 1886-ம் ஆண்டு கட்டப்பட்டது. மற்றொன்று அரண்மனைக்கு அருகே உள்ள "தொட்ட கடியார". மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளி விழா நினைவாக 1927-ம் ஆண்டு எழுப்பப்பட்டது.

மணிக்கூண்டுக் கடிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு ஆபத்து இல்லை. ஆனால் கையில் கட்டும் கடிகாரத்தின் கதி என்ன? அது பஸ் கம்பியில் இடிபடுகிறது. ரெயில்வே பட்டறையில் சுத்தியல் அடியின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. குழாயடியில் கழற்றி வைக்கும்போது கை நழுவித் தரையில் விழுகிறது. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தால், "டிக் டிக்" என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

இது எப்படி?

இதற்கு வழி கண்டவர், 200 ஆண்டுகளுக்கு முன் பாரீஸ் நகரில் வாழ்ந்த ஒரு கடிகாரத் தொழிலாளி. அவர் பெயர், ஆபிரகாம் லூயி பிரெகே. கடிகாரத்துக்கு அதிர்ச்சி தாங்கும் சக்தியைக் கொடுத்த அவருடைய வாழ்க்கையிலும் அதிர்ச்சிகளுக்குக் குறைவு இல்லை.

தந்தையை இழந்த சிறுவன்

பிரெகே, 1747-ம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ந்தேதி நியூசாட்டல் என்ற ஊரில் பிறந்தார். இன்று சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள அந்த ஊர், அப்போது பிரஷ்ய மன்னரின் ஆட்சியில் இருந்தது.

1758-ல் தந்தை இறந்து போனார். அப்போது பிரெகே சிறுவன். தாய் மறுமணம் செய்து கொண்டார். வாழ்க்கைப்பட்டது, கடிகாரத் தொழில் செய்யும் குடும்பத்தில். மாற்றாந் தந்தை சிறுவனைத் தொழிலில் சேர்த்து விட்டார்.

15 வயதில் பிரெகே ஊரை விட்டுப் புறப்பட்டார். பிரான்சு நாட்டில், மன்னரின் அரண்மனை உள்ள வெர்சேல்ஸ் நகரில் தொழில் பழகினார். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு, அந்த வயதில் அயலூரில் கால் வைப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

பகலில் வேலை. மாலையில் படிப்பு. பாரீஸ் நகரில் மசாரின் கல்லூரியில் மாரி என்ற பாதிரியார் கணக்குப் பாடம் நடத்தினார். அந்த வகுப்பில் பிரெகே சேர்ந்தார். இந்தப் பையனின் கை மட்டும் அல்ல, மூளையும் கூர்மையானது என்பதைப் பாதிரியார் கண்டுகொண்டார். அரண்மனை வட்டாரத்தில் பிரெகேயை அறிமுகப்படுத்தி வைத்ததும் அவரே.

இதற்கிடையே தாயும், மாற்றாந் தந்தையும் காலமானார்கள். தங்கையைக் காப்பாற்றும் பொறுப்பு பிரெகேயின் தலையில் விழுந்தது.

சொந்தக் கடை

1775-ம் ஆண்டு பிரெகேக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர், செசில். அவர் கொண்டு வந்த சீதனப் பணம் கைகொடுக்க, பாரீஸ் நகரில் சேன் ஆற்றங்கரையில் சொந்தக் கடை தொடங்கினார். கடை இருந்த தெருவுக்கே "கடிகாரக் கரை" என்று பெயர்!

1780-ல், சாவி கொடுக்காமலே ஓடும் கடிகாரம் ஒன்றை அவர் செய்தார. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். உள்ளே இருக்கும் எடை ஆடி ஆடி, தானாகவே வில்லை முறுக்கிவிடும். ஆர்லியன்ஸ் கோமகன் அதை வாங்கினார். பிரெகேயின் புகழ் பரவியது.

ஆனால் அதே 1780-ல் மனைவி செசில் இறந்து போனார். கையில் நாலு வயது மகன். பிரெகே மறுமணம் செய்து கொள்ளவில்லை. தொழிலே கதி என்று ஆனார்.

1783-ம் ஆண்டு, ராணி மேரி அண்டாய்னெட்டுக்காக ஒரு கடிகாரம் செய்யும்படி அவருக்கு உத்தரவு வந்தது. அன்றைக்குத் தெரிந்த நுட்பங்கள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். செலவு எவ்வளவு ஆனாலும் கவலை இல்லை. காலக்கெடுவும் கிடையாது. அந்தக் கடிகாரத்தின் கதையைப் பிறகு பார்க்கலாம்.

பாரீசில் மைசூர் தூதர்கள்

பிரெகேயின் கடை சுறுசுறுப்பாக நடந்து கொண்டிருந்த காலத்தில், மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தூதர்கள் மூவர் பாரீசுக்குப் போனார்கள். 1787-ல் புதுச்சேரியில் கப்பல் ஏறி, 1788-ல் பிரான்சு போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்டு மாதம் 10-ந்தேதி வெர்சேல்ஸ் அரண்மனையில் 16-வது லூயி மன்னரைச் சந்தித்தார்கள்.

வெள்ளைக்காரருக்கு எதிராக ராணுவ உதவி கேட்பதே அவர்கள் போன நோக்கம். திப்பு இன்னொன்றும் கேட்டிருந்தார். துப்பாக்கி செய்வோர், கண்ணாடி செய்வோர், பீங்கான் செய்வோர், கடிகாரம் செய்வோர் ஆகிய கைதேர்ந்த தொழிலாளர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்பதே அது. படை உதவி கிடைக்கவில்லை. தொழிலாளர்கள் வந்தார்கள்.

மைசூர் மண்ணில் கடிகாரம் செய்ய வேண்டும் என்ற ஆசை, அவ்வளவு பழமையானது.

எங்கே ஒடியும்?

அந்த நாளில் கடிகாரக்காரர்களுக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. கடிகாரம் கீழே விழுந்தால் பெரும்பாலும் ஒடிவது ஒரே இடம்தான். அது, பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு.

கடிகாரத்தின் உயிர்நாடி பேலன்ஸ் சக்கரம். இங்கும் அங்கும் ஆடி, நேரத்தை அளந்து கொடுப்பது அதுதான். பிற்காலத்தில் நம் நாட்டில் தயாரான சாவிக் கடிகாரங்களில் அது ஒரு மணி நேரத்துக்கு 18 ஆயிரம் முறை அடித்தது. அதாவது வினாடிக்கு 5 முறை. ஒரு நாளைக்கு 4 லட்சத்து 32 ஆயிரம் முறை!

இவ்வளவு வேகமாக, இவ்வளவு நேரம் ஆட வேண்டுமானால் உரசல் குறைவாக இருக்க வேண்டும். அதற்காக அச்சின் முனையை மெல்லியதாகச் செய்கிறார்கள். சுமார் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய தலைமுடி அளவு. அந்த முனை, வழவழப்பான ஒரு சிறிய கல்லில் உள்ள துளையில் சுழல்கிறது.

சக்கரம் கனமானது. முனையோ மெல்லியது. கடிகாரம் விழும்போது, சக்கரத்தின் கனம் முழுவதும் அந்த முனையின் மேல் இறங்குகிறது. முனை ஒடிகிறது, அல்லது வளைகிறது. கல்லும் விரிசல் விடுகிறது.

முனையைத் தடிப்பாகச் செய்தால் என்ன? ஒடியாது. ஆனால் உரசல் கூடிவிடும். நேரம் தப்பும். ஒடியாத கடிகாரம் வேண்டுமா, சரியான நேரம் காட்டும் கடிகாரம் வேண்டுமா என்ற இக்கட்டு அது.

வில் வண்டித் தத்துவம்

பிரெகே வேறு விதமாக யோசித்தார். முனையைப் பலமாக்குவதற்குப் பதில், முனையைத் தாங்கும் கல் விட்டுக்கொடுத்தால் என்ன?

நம் ஊர் மாட்டு வண்டிகளைப் பாருங்கள். கட்டை வண்டியில் போனால், பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லும் இடுப்பில் இடிக்கும். அதே பாதையில் வில் வண்டியில் போனால் அவ்வளவு தெரியாது. அடியை வில் வாங்கிக்கொள்கிறது. வளைகிறது, மறுபடி நிமிர்கிறது.

பிரெகே செய்ததும் இதுதான். அச்சின் முனைகளைக் கூம்பு வடிவில் சீவினார். அந்தக் கூம்பு உட்காருவதற்கு ஏற்ற குழிவான கல்லைச் செய்தார். கல்லை அசையாமல் பதிக்காமல், மெல்லிய எஃகு வில் ஒன்றின் நுனியில் பொருத்தினார். கடிகாரம் விழுந்தால் வில் வளையும். கல் பின்வாங்கும். அடி ஓய்ந்ததும் வில் நிமிர்ந்து, கல்லையும் முனையையும் பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடும்.

1790-ம் ஆண்டு வாக்கில் இதை அவர் உருவாக்கினார். விழும் ஆபத்தில் இருந்து காப்பது என்ற பொருளில் "பாராஷூட்" என்று பெயர் வைத்தார். ஆகாயத்தில் இருந்து குதிப்பவர்களைக் காப்பாற்றும் குடைக்கும் இதே பெயர்தான்.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. ராஜதந்திரி தாலிராண்ட் வீட்டில் ஒருநாள் விருந்து. பிரெகே தன் கடிகாரத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தரையில் போட்டாராம். விருந்தினர்கள் பதறிப் போனார்கள். எடுத்துப் பார்த்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாம்!

தலை தப்பியது

1789-ல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சி, நாளுக்கு நாள் பயங்கரமாகியது. மன்னரின் தலை உருண்டது. அரண்மனைக்குக் கடிகாரம் செய்து கொடுத்தவர் என்பதால், பிரெகேக்கும் ஆபத்து நெருங்கியது.

அவரைக் காப்பாற்றியவர், புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாரா. இருவரும் நியூசாட்டல் சீமையில் பிறந்தவர்கள், நண்பர்கள். ஒரு சமயம் மாராவைப் பிடிக்கக் கூட்டம் வீட்டைச் சூழ்ந்தபோது, அவருக்குக் கிழவி வேடம் போட்டுக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தவர் பிரெகே என்று சொல்லப்படுகிறது. அந்த நன்றியை மாரா மறக்கவில்லை. 1793-ல் பிரெகே நாட்டை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டு கிடைக்கச் செய்தார். சில நாட்களில் மாரா கொலையுண்டார். பிரெகே குடும்பத்துடன் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ராணி மேரி அண்டாய்னெட் கொல்லப்பட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து 1795-ல் அவர் பாரீஸ் திரும்பினார். பட்டறை பாழாகிக் கிடந்தது. அப்போது வயது 48. முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மனம் தளர்ந்தாரா? இல்லை. ஊரை விட்டு ஒதுங்கி இருந்த காலத்தில் அவர் மூளை சும்மா இருக்கவில்லை. புதிய திட்டங்களுடன்தான் வந்திருந்தார்.

ஒரே ஒரு முள் உள்ள எளிய கடிகாரத்தை உருவாக்கினார். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும். அந்த முன்பணம் பட்டறையை ஓட வைத்தது. கண்ணால் பாராமல் விரலால் தடவியே நேரம் அறியும் கடிகாரத்தையும் செய்தார். 1801-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந்தேதி, "டூர்பியோன்" என்ற சுழல் அமைப்புக்கு உரிமை பெற்றார். கடிகாரம் நிமிர்ந்த நிலையில் இருக்கும்போது புவி ஈர்ப்பினால் ஏற்படும் பிழையைச் சரிக்கட்ட உதவுவது அது.

எதிரிகள் இருவருக்கும்

நெப்போலியன் 1798-ல் எகிப்துப் படையெடுப்புக்குப் புறப்படும் முன் பிரெகேயிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினார். அந்த எகிப்தில் இருந்துதான் 1799-ல் திப்பு சுல்தானுக்கு அவர் கடிதம் எழுதினார். கடிதம் திப்புவின் கைக்குக் கிடைக்கவில்லை. வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது. அந்த ஆண்டு மே மாதம் 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மடிந்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் ஈடுபட்ட ஆங்கிலத் தளபதிகளில் ஒருவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி, 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவரே. இவரும் பிரெகேயின் வாடிக்கையாளர்! போர்க்களத்தில் எதிரிகளாக இருந்தவர்கள், கடிகாரத்துக்கு ஒரே கடைப் படியில்தான் ஏறினார்கள்.

தொழிலாளர்களிடம் பிரெகே அன்பாக நடந்து கொண்டார். கூலிக் கணக்கு பூஜ்யத்தில் முடிந்தால், அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு வால் போட்டு 9 ஆக்கிக் கொடுப்பார் என்று ஒரு செய்தி உண்டு. கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கு அந்த வாலின் மதிப்பு தெரியும்!

1815-ல் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகார நிபுணராக அவர் நியமிக்கப்பட்டார். 1816-ல் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினர் ஆனார். கல்லூரிப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளுக்கு நடுவே, பட்டறையில் கை பழகிய ஒரு தொழிலாளிக்கு இடம் கிடைத்தது. 1823-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந்தேதி, தமது 76-வது வயதில் காலமானார்.

ராணியின் கடிகாரம்

ராணிக்காகத் தொடங்கிய கடிகாரம் என்ன ஆயிற்று? புரட்சியால் வேலை நின்றது. பிறகு தொடர்ந்தது. முடிந்தது 1827-ல். அதாவது ராணி இறந்து 34 ஆண்டுகளும், பிரெகே இறந்து 4 ஆண்டுகளும் கழித்து. தந்தை தொடங்கிய வேலையை மகன் காலத்தில் பட்டறை முடித்தது. பின்னர் அது ஜெருசலேம் நகரப் பொருட்காட்சி சாலையை அடைந்தது. 1983-ல் அங்கிருந்து திருட்டுப் போய், 2007-ல் மீண்டும் கிடைத்தது.

நம் கைக்கு வந்த கதை

பிரெகேயின் கடிகாரங்கள் மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியவை. அவருடைய தத்துவம் சாதாரண மனிதனின் கைக்கு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1930-களில் சுவிட்சர்லாந்தில் "இன்காபிளாக்" என்ற அமைப்பு வந்தது. யாழ் வடிவிலான சிறு வில் ஒன்று கல்லைப் பிடித்துக்கொள்கிறது. அடி விழுந்தால் கல் சற்று விலகும். அச்சின் தடித்த பகுதி சுற்றியுள்ள உலோகத்தில் முட்டி, அடியைத் தாங்கிக்கொள்ளும். முனை தப்பிக்கும்.

1956-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி "பாராஷாக்" என்ற பெயரில் தன் அமைப்பைக் கொண்டு வந்தது. அந்தச் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவுடன்தான் 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை உருவாயிற்று. திப்பு கேட்ட கடிகாரத் தொழில், கன்னட மண்ணில் அப்போது பெரிய அளவில் வேர் விட்டது. பிறகு தும்கூரிலும் தொழிற்சாலை வந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் உண்டு.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் கடிகாரம் வாங்கியவர்கள், மாமனார் போட்ட கடிகாரத்தை இன்றும் பெட்டியில் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது. ஆனால் அந்த நாளில் வாங்கிய "ஜனதா" கடிகாரங்களில் பல, சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகின்றன.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முகப்பில் "பாராஷாக்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். எத்தனையோ முறை விழுந்தும் அந்தக் கடிகாரம் பிழைத்ததற்குக் காரணம், அடிக்கு விட்டுக்கொடுத்து மீண்டும் தன் இடத்துக்கே திரும்பும் அந்தச் சின்னக் கல். அந்த வழியை உலகத்துக்குக் காட்டியவர், 15 வயதில் ஊரை விட்டுப் பிழைக்க வந்த தொழிலாளி பிரெகே.