3,000 மணி நேரம் வேலை செய்தால்தான் லைசென்ஸ்: இந்த விதிக்கு வித்திட்ட மேரி ரிச்மண்ட் யார்?

அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த ஒருவர், மறுநாளே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, வாசலில் போர்டு மாட்டி, மனநல சிகிச்சைக்கு ஆட்களைப் பார்க்கத் தொடங்கிவிட முடியாது. இத்தனைக்கும் படிப்பிலேயே குறைந்தது 900 மணி நேரம் ஃபீல்டு வொர்க் முடித்திருப்பார். அது போதாது. பட்டம் வாங்கிய பிறகும், லைசென்ஸ் பெற்ற ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் வருடக்கணக்கில் வேலை செய்ய வேண்டும்.

கலிபோர்னியாவில் 3,000 மணி நேரம். அதை 104 வாரங்களுக்குக் குறைவாக முடிக்கக் கூடாது. இதில் 2,000 மணி நேரம் சிகிச்சை சார்ந்த வேலையாக இருக்க வேண்டும். அதிலும் 750 மணி நேரமாவது நேருக்கு நேர் சிகிச்சையாக இருக்க வேண்டும். டெக்சாஸிலும் 3,000 மணி நேரம்தான். கூடவே சூப்பர்வைசருடன் 100 மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நியூயார்க்கில் கணக்கு வேறு: குறைந்தது 3 வருடம், அதில் நோயாளியோடு நேரடியாகச் செலவிட்ட 2,000 மணி நேரம். இதையெல்லாம் முடித்துத் தேர்வும் எழுதினால்தான் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் என்ற லைசென்ஸ் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அதைப் புரிந்துகொள்ள ஒரு பெண்ணின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கல்லூரிப் பக்கமே போனதில்லை. வேலையில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பயிற்சி, கிட்டத்தட்ட ஒரே ஒரு வாரம். பெயர் மேரி ரிச்மண்ட்.

பாட்டி வீட்டில் வளர்ந்த பெண்

1861 ஆகஸ்ட் 5 அன்று இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பால்டிமோர் நகரத்தில் பாட்டியும் சித்திகளும்தான் வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று பேசிய பாட்டி அவர். பள்ளிக்கூடங்கள் மீது நம்பிக்கை இல்லாததால், பேத்தியை 11 வயது வரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. மேரி கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார்.

1878-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்ததும், சித்தியோடு நியூயார்க் போய் ஒரு பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நீண்ட வேலை நேரம், சொற்பச் சம்பளம். சித்திக்கு உடம்பு முடியாமல் போய் ஊர் திரும்பிவிட, 20 வயதைக்கூடத் தொடாத பெண் அந்தப் பெரிய ஊரில் தனி ஆள். காய்ச்சலும் பசியும் தனிமையுமாக இரண்டு வருடம் ஓடியது. பின்னாளில் ஏழைக் குடும்பங்களைப் பற்றி அவர் எழுதியதில் பெரிய இடத்துப் பெண்மணிகளின் தோரணை குறைவாக இருப்பதற்கு இந்த இரண்டு வருடங்கள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

பால்டிமோர் திரும்பி ஒரு ஸ்டேஷனரி கடையிலும், பிறகு ஒரு ஹோட்டலிலும் கணக்கு எழுதினார். 1889-இல் பால்டிமோர் நகர அறக்கட்டளை ஒருங்கிணைப்புச் சங்கத்தில் துணைப் பொருளாளர் வேலை கிடைத்தது. அதுவும் கணக்கு எழுதும் வேலை மாதிரிதான். கூடவே நிதி திரட்ட வேண்டும்.

பாஸ்டனில் ஒரு வாரம்

இந்தச் சங்கம் என்ன செய்தது? அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் ஆளுக்கொரு தர்ம அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே குடும்பத்துக்கு மூன்று இடத்திலிருந்து நிலக்கரி போகும். பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் போகாது. இதை ஒழுங்குபடுத்த வந்தவைதான் இந்தச் சங்கங்கள். வசதியான வீட்டுப் பெண்கள் தன்னார்வலர்களாக ஏழைக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். காசு கொடுப்பது நோக்கம் இல்லை. பேசி, பழகி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வழி சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு நல்லாதான் இருக்கு. ஆனால் யார் வழி சொல்வது? குடும்பத் தலைவருக்கு வேலை போனதற்கும் அவர் குடிப்பதற்கும் எது காரணம், எது விளைவு என்று அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற ஒருவருக்கு எப்படித் தெரியும்? தப்பாகக் கணித்தால் உதவி நின்றுவிடும், சில சமயம் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் பிரிக்கப்படுவார்கள். கணித்தவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

வேலையில் சேர்ந்த புதிதில் ரிச்மண்டைப் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இதே மாதிரியான சங்கத்தை நடத்தியவர் ஸில்ஃபா ஸ்மித். அவரிடம் ஒரு வாரம் தொழில் பழக வேண்டும். பாஸ்டனில் ரிச்மண்ட் பார்த்தது ஒரு முறை. தன்னார்வலர்கள் வீடுகளுக்குப் போய்விட்டு அப்படியே கலைந்துவிட மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தந்தப் பகுதி அலுவலகத்தில் கூடுவார்கள். தான் பார்த்த குடும்பத்தைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல, அனுபவம் உள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள், திருத்துவார்கள். இன்று சூப்பர்விஷன் என்று சொல்கிறார்களே, அதன் ஆரம்ப வடிவம் கிட்டத்தட்ட இதுதான்.

ரிச்மண்ட் ஊர் திரும்பியதும் கணக்கு வேலையோடு நிற்கவில்லை. தானே குடும்பங்களைப் பார்க்கப் போனார். இரண்டே வருடத்தில், 1891-இல், சங்கத்தின் பொதுச் செயலாளர் ஆனார். அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்களில் ஒருவரான ஏமஸ் வார்னர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த நாற்காலியில் பள்ளிப் படிப்பு மட்டுமே படித்த ஒரு பெண் உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை.

டொரண்டோவில் வைத்த கோரிக்கை

1897-இல் கனடாவின் டொரண்டோவில் அமெரிக்கத் தொண்டு அமைப்புகளின் தேசிய மாநாடு நடந்தது. அங்கே ரிச்மண்ட் வாசித்த கட்டுரைதான் இந்தக் கதையின் திருப்பம். இந்த வேலைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்.

பள்ளி வேண்டும் என்று கேட்டதைவிட, எப்படிப்பட்ட பள்ளி என்று அவர் சொன்னதுதான் முக்கியம். வகுப்பறையில் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்டால் வந்துவிடும் வேலை அல்ல இது என்பது அவர் கட்சி. பள்ளி ஒரு பெரிய நகரத்தில் இருக்க வேண்டும். அந்த நகரத்தின் தொண்டு அமைப்புகள்தான் மாணவர்களுக்குச் சோதனைக்கூடம். படிப்பும் நேரடி வேலையும் கைகோத்துப் போக வேண்டும்.

அவர் வாழ்ந்த பால்டிமோரில்தான் அந்தச் சமயத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும் புதிதாக வந்திருந்தன. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வில்லியம் ஆஸ்லர் நிலைநாட்டிக்கொண்டிருந்தார். ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான டேனியல் கில்மன், ரிச்மண்ட் வேலை செய்த சங்கத்திலும் முக்கியப் புள்ளி. அந்த ஊர்க் காற்று அவர் மீது பட்டிருக்காமல் இருக்க வாய்ப்பில்லை.

மறு வருடமே, 1898-இல், நியூயார்க் சங்கம் 6 வாரக் கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளியாக இருக்கிறது. 1904-இல் பாஸ்டனிலும் ஒரு பள்ளி வந்தது. அதற்குத் தலைவராகப் போனவர், பால்டிமோரில் ரிச்மண்டோடு வேலை செய்த ஜெஃப்ரி பிராக்கெட். ஸில்ஃபா ஸ்மித்தும் அங்கே பாடம் நடத்தினார்.

மற்றவர் வேலையைப் படித்துப் படித்து ஒரு புத்தகம்

1899-இல் ஏழைக் குடும்பங்களைப் பார்க்கப் போகும் தன்னார்வலர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். 1900-இல் பிலடெல்பியா சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1909-இல் நியூயார்க்கின் ரஸல் சேஜ் அறக்கட்டளையில் ஒரு துறையின் இயக்குநர் ஆனார். அங்கே 1910 முதல் பல கோடைக்காலங்களில், நாடு முழுவதிலும் இருந்து ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களைச் சின்னக் குழுவாக வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். சொற்பொழிவு குறைவு; பழைய கேஸ் பதிவுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, இங்கே யாரை விசாரித்திருக்க வேண்டும், எதை அவசரப்பட்டு முடிவு செய்தார்கள் என்று வரி வரியாக அலசுவதுதான் பாடம்.

இந்த இடத்தில் ஒரு அடி விழுந்தது. 1915-இல் பால்டிமோரில் நடந்த மாநாட்டில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் பேசினார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரத்தைப் பற்றி அறிக்கை கொடுத்து, பல கல்லூரிகளுக்குப் பூட்டுப் போடக் காரணமாக இருந்தவர் அவர். சமூகப் பணி ஒரு தொழில்முறைத் துறையா என்று கேட்டுவிட்டு, இன்னும் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். தனக்கென்று கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு நுட்பம் அதற்கு இல்லை என்பது அவர் வாதம். துறையே ஆடிப்போனது.

இரண்டு வருடம் கழித்து, 1917-இல், ரிச்மண்டின் பெரிய புத்தகம் வெளிவந்தது: சோஷியல் டயக்னோசிஸ். ஃபிளெக்ஸ்னருக்குப் பதில் சொல்வதற்காக எழுதியது அல்ல. சுமார் 15 வருடமாகக் குறிப்பு எடுத்துச் சேர்த்த வேலை. ஆனாலும் பதிலாக அமைந்துவிட்டது. பல நகர அமைப்புகளின் கேஸ் பதிவுகளை ஆராய்ந்து, ஒரு குடும்பத்தின் நிலையை எப்படிக் கணிப்பது என்று படிப்படியாக விளக்கியது. உறவினர், பள்ளி, டாக்டர், முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர் என ஒவ்வொருவர் சொல்லையும் எவ்வளவு நம்பலாம், ஒரு சாட்சியத்தை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது என்றெல்லாம் பேசியது. கொஞ்சம் வக்கீல் புத்தகம் மாதிரி இருக்கும். இதுவே அதன் குறையும்கூட. விசாரிக்கப்படுகிற குடும்பத்துக்கு அது எப்படி இருக்கும் என்று கேட்டால், சங்கடமான பதில்தான் வரும். வறுமைக்குக் குடும்பத்துக்குள்ளேயே காரணம் தேடுகிறார்கள், கூலியையும் வீட்டு வாடகையையும் பார்ப்பதில்லை என்ற விமர்சனம் அவர் காலத்திலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது.

கிளினிக்கல் எப்போது வந்தது?

முதல் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்காக, 1918-இல் ஸ்மித் கல்லூரி மனநலச் சமூகப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி தொடங்கியது. கோடையில் வகுப்பு, அதன்பிறகு மாதக்கணக்கில் மருத்துவமனையில் மேற்பார்வையோடு வேலை. மனநோயாளியின் குடும்பப் பின்னணியைத் திரட்டுவதில் தொடங்கிய இந்த வேலை, சில பத்தாண்டுகளில் நேரடியாகச் சிகிச்சை தருவது வரை போனது. அதே ஸ்மித் கல்லூரி 1921-இல் ரிச்மண்டுக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது.

1922-இல் இன்னொரு சின்னப் புத்தகம். ஹெலன் கெல்லருக்கு ஆசிரியை ஆன் சல்லிவன் செய்ததை, தனிநபர் சமூகப் பணிக்கு உதாரணமாக அதில் எடுத்துக்காட்டினார். கடைசிக் காலத்தில் அமெரிக்காவின் குழந்தைத் திருமணங்களைப் பற்றியும், திருமணச் சட்டங்களைப் பற்றியும் ஆராய்ந்தார். 1928 செப்டம்பர் 12 அன்று நியூயார்க்கில் புற்றுநோயால் இறந்தார். 67 வயது.

லைசென்ஸ், மணிக்கணக்கு இதெல்லாம் அவர் எழுதிய விதிகள் இல்லை. பதிவுச் சட்டம் கலிபோர்னியாவில் வந்ததே 1945-இல்தான். 1960-இல் அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கம் கொடுக்கத் தொடங்கிய சான்றிதழுக்கு, முதுகலைப் பட்டத்துக்குப் பின் 2 வருட மேற்பார்வை அனுபவம் கேட்டார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டபோது, இதே கால அளவு பல இடங்களில் 3,000 மணி நேரமாக மாறியது. அடிப்படை மட்டும் அவர் பாஸ்டனில் பார்த்த அதே வாரக் கூட்டம்தான். கலிபோர்னியாவில் இன்றும் சூப்பர்வைசரோடு வாரம் ஒரு மணி நேரமாவது தனியாகவோ, இரண்டு மணி நேரம் குழுவாகவோ உட்கார்ந்தால்தான் அந்த வாரத்து வேலை கணக்கில் சேரும்.

இந்தியாவில் இப்படி ஒரு லைசென்ஸ் இல்லை. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் யார் என்று வரையறுக்கும்போது, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு 2 வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும், அதில் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் கவுன்சலிங் என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்துக்குப் போகிறவர்கள், உள்ளே இருப்பவர் யாரிடம், எத்தனை காலம் தொழில் பழகினார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

அமெரிக்காவில் இந்த மணிக்கணக்கின் மீது கோபமும் உண்டு. அந்த 2, 3 வருடமும் சம்பளம் குறைவு. வேலை செய்யும் இடத்தில் தகுதியான சூப்பர்வைசர் இல்லாவிட்டால், வெளியே ஒருவருக்குக் கைக்காசு கொடுத்து மேற்பார்வை வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் குறிப்பிட்ட சில வருடங்களுக்கு மேல் பழைய மணி நேரங்கள் செல்லாது. குழந்தை பிறந்தோ, பெற்றோரைக் கவனிக்கவோ இடையில் விலகியவர்கள் மறுபடி சம்பாதிக்க வேண்டும். வசதி இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்கள்தான் இதில் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று பலர் சொல்கிறார்கள். கடையிலும் ஹோட்டலிலும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மேரி ரிச்மண்ட், இன்று இதற்கு விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.