லெமேத்தர் அடிகளார்

பெல்ஜிய நாட்டின் சார்லெருவா நகரில் 1894-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் லெமேத்தர். அவர் பொறியியல் பயின்றுகொண்டிருந்தபோது, 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. படிப்பை விடுத்துப் படையிற் சேர்ந்தார். போர் முடிந்தபின் கணிதமும் பௌதிகமும் கற்றார். 1923-இல் கத்தோலிக்கக் குருவானார்.

அதற்கு முன்பே, 1917-இல், ஐன்ஸ்டைன் தம் ஈர்ப்புக் கொள்கையைப் பேரண்டத்துக்குப் பொருத்திப் பார்த்திருந்தார். பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பின், அண்டம் ஒருநாள் ஒடுங்கியாக வேண்டும். அண்டம் அசைவற்றது என்று நம்பிய அவர், ஒடுக்கத்தைத் தடுக்க, விலக்கும் ஆற்றல் ஒன்றைச் சமன்பாட்டிற் சேர்த்தார். அதுவே அண்டவியல் மாறிலி.

அண்டம் விரிகின்றது என்று லெமேத்தர் 1927-இல் எழுதினார். அவ்வாண்டு அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கிற் குறை காணவில்லை. முடிவைத்தான் ஏற்க மறுத்தார். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகுவதை, 1929-இல் ஹபிள் அளந்து காட்டினார். 1931-இல் ஐன்ஸ்டைன் விரிவை ஒப்புக்கொண்டார். மாறிலியை வேண்டாத சுமையென்று கைவிட்டார்.

விந்தை என்னவெனில், அவர் எறிந்ததை லெமேத்தரே எடுத்து வைத்துக்கொண்டார்! அந்நாளைய அளவுகளின்படி அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே. பூமியோ அதனினும் மூத்ததாகத் தோன்றிற்று. தாயினும் மகள் மூத்தவளாதல் உண்டோ? மாறிலியின் அளவு தக்கவாறு அமைந்தால் இச்சிக்கல் தீரும் என்று அவர் கணித்தார். அண்டம் முதலில் விரைந்து விரியும். பின்னர் ஈர்ப்பும் விலக்கமும் ஏறக்குறையச் சமனாக, நெடுங்காலம் தயங்கி நிற்கும். அத்தயக்கத்தில் விண்மீன் மண்டலங்கள் திரளும். இறுதியில் விலக்கம் மேலோங்க, மீண்டும் விரைவு கூடும். மாறிலி மிகுந்தால் பொருள்கள் திரளுமுன்பே சிதறும். குறைந்தால் அவர் கருதிய அண்டம் திரும்பி ஒடுங்கிவிடும். ஓர் எண்ணின் ஏற்றத்தாழ்விலே விண்மீன்களின் வாழ்வே அடங்கியிருந்தது!

பிற்காலத்தில் விரிவின் அளவு திருத்தப்பட்டது. அண்டத்தின் வயது கூடியது. தயங்கும் அண்டம் தேவையற்றுப் போயிற்று. ஆயினும் மாறிலியை அவர் விடவில்லை. 1949-இலேயே ஐன்ஸ்டைனை மறுத்து அதற்காக வாதாடியிருந்தார். அண்டம் தொடக்கத்தில் வெம்மையாயிருந்ததைக் காட்டும் நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி, நோய்ப்படுக்கையில் அவரை எட்டியது. 1966 ஜூனில் லூவேன் நகரில் மறைந்தார்.

தொலைவில் வெடித்த விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவின் வேகம் கூடிவருவதை 1998-இல் கண்டனர். மாறிலி மீண்டும் சமன்பாட்டில் இடம்பெற்றது. அதன் அளவு காலத்தோடு மாறி, இப்போது தளர்ந்து வருகின்றதோ என்னும் ஐயத்தை, அரிசோனாவிலுள்ள தொலைநோக்கி ஒன்றின் அளவீடுகள் 2024-இலும் 2025-இலும் எழுப்பியுள்ளன. அது மெய்யாயின், விரிவு என்றென்றும் விரைந்துகொண்டே செல்லும் என்று கூற இயலாது. அம்முடிவு இன்னும் உறுதிப்படவில்லை, அளவீடு தொடர்கின்றது.